அமியோடரோன் சாப்பிடும் அப்பாவுக்குப் பார்வை மங்குகிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு வயது 68. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக (இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு) சில மாதங்களாக அமியோடரோன் 200 மி.கி. தினம் ஒன்று சாப்பிடுகிறார். துடிப்பு நன்றாக அடங்கியிருக்கிறது. ஆனால் இப்போது படிக்கும்போது பக்கத்தின் கீழ்ப்பாதி புகைமூட்டமாகத் தெரிகிறதாம். வலி இல்லை. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. "வயசானா இப்படித்தான்" என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. மாத்திரையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

பதில் 1:
நீங்களாக நிறுத்தாதீர்கள் அக்கா. நானும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன். எனக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கருவிழியில் மருந்து படிவதுதான் காரணம், பயப்பட வேண்டாம் என்றார் கண் மருத்துவர். அப்பாவுக்கும் அதுவாக இருக்கலாம்.

பதில் 2:
கண் மருத்துவமனையில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மேலே அண்ணன் சொன்ன படிவு, இந்த மருந்து சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு வரும். பார்வையைக் கெடுப்பது அபூர்வம். ஆனால் பாதிப் பக்கம் மங்குவது அதைப் போல இல்லை. பார்வை நரம்பைப் பார்த்தே ஆக வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.

சொட்டு மருந்து விட்டு நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்வைப் புலச் சோதனை (எந்தப் பகுதி தெரியவில்லை என்று பார்ப்பது), நிறச் சோதனை, ஓசிடி என்கிற கண் ஸ்கேன் எல்லாம் இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் ஒரு கண்ணில், திடீரென்று வரும். மருந்தால் வருவது மெல்ல மெல்ல, பல நேரம் இரண்டு கண்ணிலும் வரும், வீக்கமும் மாதக்கணக்கில் நீடிக்கும். இந்த வயதில் பிரஷரும் சர்க்கரையும் இருந்தால் இந்த இரண்டு வகைப் பாதிப்பையும் பிரித்துச் சொல்வது மருத்துவர்களுக்கே கஷ்டம். அதனால் எந்தக் கண், எப்போது ஆரம்பித்தது என்று அப்பாவிடம் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் குறைந்தால் பலருக்குத் தெரிவதே இல்லை.

நிறுத்துவதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கொழுப்பில் தங்கும் மருந்து இது, நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். கண் அறிக்கை அன்றே அவர் கைக்குப் போகட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி தம்பி. மூடிப் பார்த்தோம், இரண்டு கண்ணிலும் இருக்கிறது. நாளைக் காலை கண் மருத்துவரிடம் போகிறோம், இதய மருத்துவரிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

பதில் 3:
வாகனம் ஓட்ட விடாதீர்கள். தைராய்டு, கல்லீரல் சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தார் என்றும் கேளுங்கள். இந்த மாத்திரைக்கு அவையும் தேவை.