புதிய கைபேசி வாங்காமலேயே அன்றாடப் படங்களை நன்றாக எடுக்க இயலுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பவர்களின் முகங்கள், சமைத்து மேசையில் வைத்த உணவு, படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் என அன்றாடக் காட்சிகளைக் கைபேசியில் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் பதிவிட்டு வருகிறேன். வெளியில் எடுக்கும் படங்கள் ஓரளவு நன்றாக வருகின்றன. ஆனால் வீட்டுக்குள் எடுப்பவற்றில் முகம் மஞ்சள் படிந்தும், தலைமுடி இழை இழையாகத் தெரியாமல் குழைத்துப் பூசியது போலவும் காணப்படுகிறது. கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கை குறைவாக இருப்பதுதான் காரணம் என்றும், விலை உயர்ந்த கைபேசியை வாங்கினால் சரியாகிவிடும் என்றும் சிலர் கூறுகிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன், இப்போது கையில் இருப்பதைக் கொண்டே செய்யக்கூடியது என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நீங்கள் குறிப்பிடும் இரண்டு குறைகளுக்கும் மெகாபிக்சல் எண்ணிக்கை காரணமன்று, வெளிச்சமே காரணம். கைபேசிக்குள் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சென்சார் மிகச் சிறியது என்பதால், அறை வெளிச்சத்தில் அதற்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. கிடைத்த சொற்ப ஒளியைக் கைபேசி மின்னணு முறையில் பெருக்கும்போது படம் முழுவதும் இரைச்சல் (noise) எனப்படும் புள்ளிகள் தோன்றுகின்றன. அதை மறைப்பதற்காக மென்பொருள் படத்தை வழவழப்பாக்கும்போது, தலைமுடியின் இழைகளும் துணியின் நெசவும் அந்த இரைச்சலோடு சேர்ந்தே அழிந்துபோகின்றன. விலை உயர்ந்த கைபேசி இதைச் சற்றுத் திறமையாகச் செய்யும் என்பது உண்மைதான். ஆயினும் சாதாரணக் கைபேசியோடு ஜன்னலருகே நகர்ந்து நிற்பவருக்குக் கிடைக்கும் படம், இருண்ட மூலையில் விலை உயர்ந்த கைபேசியை வைத்து எடுத்த படத்தைவிடப் பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும்.

ஆகவே, படம்பிடிக்கப்படுபவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அமரச் செய்யுங்கள். முகத்தின் ஒரு பாதி பிரகாசமாகவும் மறு பாதி மெல்லிய நிழலாகவும் அமையும்போதுதான் முகத்துக்கு வடிவம் கிடைக்கிறது. நிழல் அதிகமாகத் தோன்றினால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியையோ பெரிய வெள்ளைத் தாளையோ பிடித்தாலே போதும். உணவைப் படம்பிடிக்கவும் இதே முறை பொருந்தும்.

மஞ்சள் படிவதற்குக் காரணம் வெளிச்சத்தின் நிறம். ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலை என்ற அளவால், கெல்வின் அலகில் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். பகல் ஒளிக்கு அது ஏறத்தாழ 5500 கெல்வின்; வீடுகளில் உள்ள மஞ்சள் விளக்குகளுக்கோ அது 2700 முதல் 3000 கெல்வின் வரைதான். இரண்டும் ஒரே நேரத்தில் முகத்தில் விழுந்தால், கேமராவால் ஏதேனும் ஒன்றுக்குத்தான் நிறத்தைச் சரிசெய்ய முடியும். ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இந்த ஒரு செயல் பல ஃபில்டர்களைவிட மேலானது என்பதே என் உறுதியான கருத்து.

எடுப்பதற்கு முன் திரையில் முகத்தின் மீது விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைபேசிகளில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவும்) அங்கேயே நிலைத்துவிடும். பிறகு திரையிலேயே படத்தின் வெளிச்ச அளவைச் சிறிது குறைத்து எடுங்கள். வெளுத்துப்போன பகுதியில் விவரம் எதுவும் மிஞ்சுவதில்லை. இருண்ட பகுதியையோ திருத்தும்போது ஓரளவு மீட்டுக்கொள்ளலாம்.

மறுமொழி 2

மேலே நண்பர் எழுதியதோடு தொலைவைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது. முகத்துக்கு மிக அருகில் சென்று எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். இரண்டு மூன்று அடி பின்னால் நகர்ந்து, இருமடங்கு நெருக்கிக் காட்டும் 2x வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். விரல்களால் விரித்து வெகுதூரம் ஜூம் செய்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அது பெரும்பாலும் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதே தவிர புதிய விவரம் எதையும் சேர்ப்பதில்லை. எடுப்பதற்கு முன் லென்ஸை மென்மையான பருத்தித் துணியால் துடைப்பதும் அவசியம். விரல் பட்ட எண்ணெய்ப் படலம் படத்தை மங்கலாக்கி, விளக்குகளைச் சுற்றி ஒளிக்கீற்றுகளை உண்டாக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வேலை முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடுவதால், ஜன்னல் வெளிச்சம் விடுமுறை நாட்களில்தான் எனக்குக் கிடைக்கும். இரவில் என்ன செய்யலாம்? மேலும், கைபேசியில் தெளிவாக இருக்கும் படமும் பதிவேற்றிய பிறகு மங்கிப்போகிறதே, அது ஏன்?

மறுமொழி 3

இரவில் ஃபிளாஷை நாடாதீர்கள். அது லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் நேராக முகத்தில் அடித்து, நிழலே இல்லாமல் தட்டையாக்கிவிடும். அதற்குப் பதிலாக ஒரு மேசை விளக்கை அருகிலுள்ள வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பரவலாகவும் மென்மையாகவும் இருக்கும். கேமராவின் இரவுப் பயன்முறை (Night mode) பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது என்பதால், கைபேசியைப் புத்தக அடுக்கின் மீது சாய்த்து வைத்து, 3 வினாடி டைமரில் எடுப்பது நல்லது. ஓடியாடும் குழந்தைகளுக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்களுக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பதிவேற்றிய பிறகு மங்குவதற்குக் காரணம், செயலி படத்தின் அளவைக் குறைக்கச் செய்யும் சுருக்கம். இன்ஸ்டாகிராம் 1080 பிக்சலுக்கு மேல் அகலம் கொண்ட படங்களை அந்த அளவுக்குக் குறைத்துவிடுகிறது. செங்குத்துப் படமாக, 4:5 விகிதத்தில், அதாவது 1080 × 1350 பிக்சலாக நீங்களே வெட்டிக்கொண்டால், எந்தப் பகுதி இருக்க வேண்டும் என்பது உங்கள் முடிவாக இருக்கும். செயலியின் அமைப்புகளில், உயர்ந்த தரத்தில் பதிவேற்றும் வசதியையும் இயக்கிவையுங்கள். படத்தை வாட்ஸ்அப் வழியாக ஒருவரிடமிருந்து பெற்றுப் பதிவிடுவதாக இருந்தால், அது அங்கேயே ஒருமுறை சுருங்கிவிட்டிருக்கும். ஆகவே படமாக அல்லாமல் ஆவணமாக (Document) அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அப்படி அனுப்பும் கோப்பில் படம் எடுத்த இடத்தின் விவரமும் அப்படியே தங்கியிருக்கக்கூடும் என்பதால், வீட்டில் எடுத்த படங்களை அறிமுகமில்லாதவர்களுக்கு அனுப்பும் முன் அந்த விவரத்தை நீக்கிவிடுங்கள்.