கிகாலிக்குச் சரக்கு: மொம்பாசா வழியா, டார் எஸ் சலாம் வழியா?

கிகாலிக் கடை:
டைல்ஸ் கன்டெய்னர் எடுக்கிறேன். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறக்கினால் ருவாண்டாவில் இருக்கும் கிகாலிக்குக் கிட்டத்தட்ட 1,700 கி.மீ., டான்சானியாவின் டார் எஸ் சலாமில் இறக்கினால் 1,500 கி.மீ. இரண்டு பக்கமும் லோடு அனுப்பியவர்கள் சொல்லுங்க.

மொம்பாசாவாசி:
தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. 2017-இல் திறந்த ரயில் பாதை நைரோபி வரை சரக்கைக் கொண்டுபோகிறது, 2019-இல் நைவாஷா வரை நீட்டிவிட்டார்கள். கென்யாவிலிருந்து உகாண்டாவுக்குள் நுழைய மலாபா, புசியா என்று இரண்டு எல்லை வாசல். ஒன்று அடைத்தால் மற்றொன்று இருக்கிறது. டார் பாதையில் உங்களுக்கு ருவாண்டா எல்லையில் ருசுமோ ஒன்றுதானே?

டார்ப் பக்கம்:
அந்த ஒன்றுதான் எங்கள் பலம். மொம்பாசா சரக்கு உகாண்டாவுக்குள் நுழைய ஒரு எல்லை, வெளியேற இன்னொரு எல்லை தாண்ட வேண்டும். 2019 பிப்ரவரியில் உகாண்டா-ருவாண்டா எல்லையில் கத்துனாவை அடைத்தார்கள், 2022 ஜனவரி கடைசியில்தான் திறந்தார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம்! ருசுமோவில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி போன பழைய பாலம் போய், ககேரா ஆற்றின் மேல் இருவழிப் பாலம் வந்துவிட்டது.

ரயிலும் நைவாஷாவில் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் பெரும்பாலும் லாரிதான். கென்யாவில் நக்குரு ஊரைத் தாண்டிய மலை இறக்கத்தை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். 2009-இல் சச்சங்வானில் கவிழ்ந்த டேங்கரில் எண்ணெய் பிடிக்கப் போன ஜனங்கள் 100 பேருக்கு மேல் கருகிப் போனார்கள். 2023 ஜூனில் லோண்டியானி சந்திப்பில் லாரி கூட்டத்துக்குள் பாய்ந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மொம்பாசாவாசி:
அந்தச் சாவுகளை மறுக்க முடியாது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆனால் கத்துனா ரோட்டின் குற்றமில்லை, இரண்டு அரசுகளின் சண்டை. லாரிகளை இன்னொரு எல்லையான ககிதும்பா வழியாகத் திருப்பிவிட்டார்கள், சரக்கு வந்தது. அரசியல் உங்கள் பக்கமும் உண்டு. 2025 அக்டோபர் டான்சானியா தேர்தலன்று டாரில் ஊரடங்கு போட்டு இணையத்தையும் அறுத்தார்களே, அன்று துறைமுகத்தில் சரக்கு வைத்திருந்தவன் யாரைக் கேட்பான்?

டார்ப் பக்கம்:
அது சில நாள். 2008 தேர்தல் கலவரத்தில் கென்யா ரோடு அடைபட்டு உகாண்டாவும் ருவாண்டாவும் பெட்ரோலுக்குத் தவித்ததை மறந்துவிட்டீர்களா?

கம்பாலா உதிரிபாகம்:
இருவரும் டிரைவரை விட்டுவிட்டீர்கள். 2022 ஜனவரியில் உகாண்டா கட்டாயக் கொரோனா பரிசோதனை வைத்தபோது மலாபாவில் வரிசை பல கிலோமீட்டர் நீண்டது. கம்பாலாவில் பெட்ரோல் விலை எகிறியதை எல்லோரும் பேசினோம். கேபினிலேயே படுத்துக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர், கழிப்பறை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கடைக்காரருக்கு ஒன்று: டைல்ஸ் கனமான சரக்கு. கிழக்கு ஆப்பிரிக்கச் சட்டப்படி வண்டியும் சரக்கும் சேர்ந்து 56 டன் தாண்டக் கூடாது, அதுவும் ஆக்சில் (சக்கர அச்சு) எண்ணிக்கை போதுமானதாக இருந்தால்தான். மொத்தம் சரியாக இருந்தாலும் ஒரு ஆக்சிலில் பாரம் கூடினால் எடைமேடையில் நிறுத்திவிடுவார்கள். கென்யாவில் மரியாகானி எடைமேடை, டான்சானியாவில் விக்வாசா எடைமேடை, இரண்டு பாதையிலும் இதே கதை. கன்டெய்னருக்குள் பாரத்தைச் சமமாகப் பரப்பி அடுக்கச் சொல்லுங்க.

டார்ப் பக்கம்:
இது சரியான பேச்சு. டார் பாதையில் வரும் செகென்கே மேட்டில் அதிக பாரத்தோடு ஏறி நின்றுபோன ஒரு வண்டிக்குப் பின்னால் அரை நாள் கிடந்திருக்கிறேன்.

கிகாலிக் கடை:
இந்த முறை டார். ஒரே எல்லை என்பதுதான் காரணம். மார்ச் மழைக்கு முன் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். அடுக்கும் முறையை ஏற்றுமதிக்காரருக்கு இன்றே எழுதுகிறேன்.

மொம்பாசாவாசி:
எத்தனை நாளில் வந்தது என்று இங்கேயே எழுதுங்க. என் அடுத்த லோடு மொம்பாசா வழியான வடக்குப் பாதையில்தான், நானும் எழுதுகிறேன்.