சுக்கில் வண்டு, ஆவாரம்பூவில் அந்து: உங்கள் வீட்டில் எப்படி?

குடந்தை மருமகள்:
கார்த்திகை அடைமழை, மாமியாருக்கு நெஞ்சுச்சளி. சுக்குமல்லிப் பொடி தீர்ந்திருந்ததால் இடித்துக்கொள்ளலாம் என்று சுக்கு டப்பாவைத் திறந்தேன். துண்டுகள் முழுக்கக் குண்டூசி குத்தியதுபோல் துளைகள். ஒன்றைத் தரையில் தட்டினேன், பொலபொலவென்று மாவு கொட்டியது. உடைத்தால் உள்ளே வளைந்து கிடக்கிறது வெள்ளைப் புழு, உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். நாக்கை எரிக்கும் சுக்கை அது எப்படித் தின்கிறது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மன்னார்குடி ஆவாரம்பூ:
உங்களுக்கு வண்டு, எனக்கு அந்து. தேநீருக்காக உலர்த்தி வைத்த ஆவாரம்பூ. வாடிக்கையாளர் முன்னால் ஒரு பூவை எடுத்தேன், நூலாம்படையில் கோத்துக்கொண்டு கைப்பிடிப் பூ கூடவே எழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த முகம் மறக்கவில்லை. மீதிச் சரக்கை எப்படிக் காப்பாற்றுவது?

திருவையாற்றுப் பெரியவர்:
பூச்சி தின்கிறது என்றால் நஞ்சில்லாத சரக்கு என்று பொருள், சந்தோஷப்படுங்கள். குதிரில் நெல்லோடு நொச்சியும் வேப்பிலையும் போட்டுத்தான் எங்கள் தகப்பனார் காலம் ஓடியது. வசம்பு ஒரு துண்டு போடுங்கள், போதும்.

வேதாரண்யத்துக்காரன்:
ஐயா மன்னிக்க வேண்டும், அது சரியல்ல. பாடம் செய்து கட்டிவைத்த புகையிலைச் சிப்பத்தைப் பிரித்தபோது சுக்கில் அந்தப் புழு வளர்ந்து ஆகும் இதே செம்பழுப்பு வண்டு தலையை உள்ளே மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்ததைப் பார்த்தவன் நான். ஊதினேன், எழுந்து நடந்தது! நிக்கோடின் என்பது பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் புகையிலைச் செடி வைத்திருக்கும் நஞ்சு. புகையிலைக் கரைசலை அசுவினிக்குத் தெளிக்கிறோமே, அதே நஞ்சுதான். அதைத் தின்றே இது வளர்கிறது. குடலோரம் வாழும் ஈஸ்ட் போன்ற ஒருவகைப் பூஞ்சை செடிகளின் நஞ்சுகள் பலவற்றை முறிக்க உதவுகிறது. சுக்கின் காரம் இதற்கு எம்மாத்திரம்? ஆகவே பூச்சி தின்றதை வைத்துச் சரக்கின் சுத்தத்தைச் சொல்ல முடியாது.

வசம்பையும் குடிக்கிற சரக்கோடு போடாதீர்கள். அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் பூச்சியை மலடாக்கும்தான், ஆனால் மனிதருக்கும் ஆகாது. வேப்பிலை வெளியிலிருந்து வருவதை விரட்டலாம், சுக்குக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. உளுத்ததை எரித்துவிடுங்கள். அலமாரி இடுக்கில் கொட்டிக் கிடக்கும் பழைய தூளையும் துடைத்தெடுங்கள், வண்டு அங்கிருந்துதான் திரும்ப வரும். பிளாஸ்டிக் உறையைத் துளைத்துவிடும், திருகுமூடிக் கண்ணாடிப் பாட்டில்தான் சரி. நல்ல சரக்கைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், குளிர் அடங்கட்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். சுக்கைச் சித்திரை வெயிலில் காய வைக்கலாம். துளசியை மட்டும் வேண்டாம், வாசம் போய்விடும்.

மன்னார்குடி ஆவாரம்பூ:
நான் கேட்டது வீட்டு டப்பாவுக்கு அல்ல, ஐயா. மூட்டைக் கணக்கில் வைத்திருக்கிறேன், அத்தனை பெரிய ஃப்ரீசருக்கு எங்கே போவது? மூட்டைச் சரக்கைக் காப்பாற்றியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.