பார்க்கின்சன்: சோறு இறங்குகிறது, தே ஓ குடித்தால் புரையேறுகிறது

ஜெலுத்தோங், பினாங்கு:
வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. காலை 8, பகல் 1, மாலை 6 என்று மடோப்பார் (பார்க்கின்சன் மாத்திரை), மூன்று வேளையும் சாப்பாட்டோடுதான். தே ஓ (பால் இல்லாத தேநீர்), தண்ணீர், ரசம் எல்லாமே புரையேறுகிறது. சோறு இறங்குகிறது, ஆனால் ஒரு வாய் முடியவே வெகுநேரம். கெட்டியாக்கும் பவுடர் வாங்கிவிட்டோம். எவ்வளவு போடுவது? ஸ்ட்ரா கொடுக்கலாமா?

பட்டர்வொர்த்:
பவுடர் இருக்கட்டும், முதலில் மாத்திரையைப் பாருங்கள். மீன், முட்டை, பருப்பில் உள்ள புரதமும் இந்த மருந்தும் குடலில் ஒரே வழியாகத்தான் உள்ளே போகும். சேர்த்துக் கொடுத்தால் மருந்து பின்தங்கிவிடும். மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டாம், சாப்பாட்டை அரை மணி தள்ளுங்கள். குமட்டினால் வெறும் பிஸ்கட் ஒன்று போதும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மருந்து ஏறி உடம்பு இளகியிருக்கும்போது சிலருக்கு விழுங்குவதும் சுலபமாகும். எல்லாருக்கும் அப்படி நடக்காது.

சோறு தாமதமாவது நாக்கால்: முன்னும் பின்னும் உருட்டும், பின்னால் தள்ளாது. தண்ணீரோ குரல்வளை மூடுவதற்குள் தொண்டைக்கு ஓடிவிடும். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் ஒரே இழுப்பில் நிறைய வரும், ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர்) பார்க்கும்வரை வேண்டாம். குறுகலான கப்பும் வேண்டாம், கடைசி மடக்குக்குத் தலையை அண்ணாந்தால் மூச்சுக்குழல் பக்கம் போக வழியாகும். வாய் அகன்ற கிண்ணம், தேக்கரண்டி அளவு மடக்கு.

பிரிக்பீல்ட்ஸ்:
பவுடருக்குக் கண் அளவு கூடாது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு எடுங்கள், 0 முதல் 10 வரை கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நுனியை விரலால் அடைத்து, கெட்டியாக்கிய பானம் 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து, சரியாக 10 விநாடியில் மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் கெட்டித்தன்மையில் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8க்கு மேல் நின்று இன்னும் சொட்டினால் நிலை 3. எந்த நிலை என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியானால் தொண்டையில் தங்கும், தண்ணீர் குடிப்பதும் குறைந்து மலச்சிக்கல் கூடும்.

மாவுச்சத்துப் பவுடர் வைக்க வைக்க இறுகும், எச்சில் பட்டால் இளகும். சாந்தன் கம் என்ற வகைப் பவுடர் அப்படி மாறாது, ஆனால் பால் கலந்த மைலோவில் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். ஊற்றியதும் கொடுக்காதீர்கள். செண்டோல், ஐஸ் கச்சாங் என்ற ஐஸ் இனிப்புகள் இரண்டும் வாயில் உருகித் தண்ணீராகும், அதனால் வேண்டாம்.

செந்தூல்:
ஒன்றைச் சேர்க்கிறேன். இருமல் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்கின்சனில் தொண்டை உணர்ச்சி மங்கி, இருமாமலே நுரையீரலுக்குள் போகும். சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கொழகொழத்தால், காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால், எடை இறங்கினால் உடனே காட்டுங்கள். பேரியம் கலந்து விழுங்கவைத்து எக்ஸ்ரே படமாக எடுக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். தாடையைக் குனிந்து விழுங்குவதும் அதைப் பார்த்த பிறகுதான், சிலருக்கு அது உதவாது. சாப்பிட்டபின் 30 நிமிடம் நிமிர்ந்து உட்காரட்டும். பல், நாக்கு சுத்தம் மிக முக்கியம், வாயிலுள்ள கிருமிதான் நுரையீரலில் சளிக்காய்ச்சலாக மாறுகிறது. அடைத்துக்கொண்டு பேச முடியாமல் போனால் அவசர எண் 999, முதுகில் 5 தட்டு, வயிற்றில் 5 அழுத்தம்.

ஜெலுத்தோங், பினாங்கு:
ரொம்ப நன்றி. பகல் சாப்பாட்டை 1.30க்கு மாற்றுகிறோம். ரசம் மட்டும் விட மாட்டார், என்ன செய்வது?

பிரிக்பீல்ட்ஸ்:
சோற்றில் ஊற்ற வேண்டாம். பருக்கை ஒரு வேகம், தண்ணீர் ஒரு வேகம், அங்கேதான் புரையேறும். மிளகு, கொத்தமல்லி, தக்காளித்தோல் போக வடிகட்டி, தெரபிஸ்ட் சொன்ன நிலைக்குக் கெட்டியாக்கி, தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். சோற்றைக் குழைய மசித்து தயிர் சேருங்கள், கட்டி 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண முள்கரண்டியின் இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவுதான்.