கோலாலம்பூர் மாநாட்டுக்குப் போனவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

கோவை நூல்காரி

சென்ற ஆண்டு ஜவுளித் தொழில்நுட்பம் பற்றிய நான்கு நாள் மாநாட்டுக்குக் கோலாலம்பூர் போயிருந்தேன். தனியாகத்தான். அரங்கு இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய மாநாட்டு மையத்தில். அந்தப் பக்கம் அறை எடுக்கக் கல்லூரி கொடுத்த பணம் போதாது என்பதால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினேன். அந்த மையம் இருக்கும் கே.எல்.சி.சி. பகுதியில் எல்.ஆர்.டி. நகர ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து நடைதான்.

இறங்கியதும் மல்லிகை வாசம், சாம்பார் மணம், கடைக்குக் கடை பழைய தமிழ்ப் பாட்டு. முதல் நாள் சாயங்காலமே காந்திபுரத்தில் நடக்கிற மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டேன். தப்பு அங்கேதான்.

மூன்றாம் நாள், மாலை ஆறரை மணி. அங்கே அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். மறுநாள் காலை நான் கட்டுரை வாசிக்க வேண்டும். போனில் ஸ்லைடைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கழுத்தில் மாநாட்டு அட்டை, வலது தோளில் கைப்பை. பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, இரண்டு பேர். பையின் வார் இழுபட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. நாலைந்து அடி இழுபட்டு, முட்டி இரண்டும் தேய்ந்து, பிறகுதான் வார் அறுந்தது.

பக்கத்தில் பூக்கடை போட்டிருந்த அம்மா ஓடிவந்து தூக்கிவிட்டார். நான் பை, பை என்று அழுகிறேன். அவர், "விடும்மா, பை போனா போகுது, கை இருக்குல்ல" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

பையில் பணம் குறைவு. ஆனால் பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் போலீஸ் புகார். அதன் நகல் இல்லாமல் அடுத்த படி நகராது. அப்புறம் மோண்ட் கியாராவில் இருக்கும் இந்தியத் தூதரகம். புதுப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு அவசரச் சான்றிதழ் தருகிறார்கள். இந்தியா திரும்புகிற ஒரே பயணத்துக்கு மட்டும் அது செல்லும். அதோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. நான் நாட்டுக்குள் வந்த முத்திரை பழைய பாஸ்போர்ட்டில் அல்லவா போய்விட்டது? அதனால் மலேசியக் குடிநுழைவுத் துறையில் சிறப்பு அனுமதி வாங்கித்தான் விமானம் ஏற முடிந்தது. நல்லவேளை, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விமான டிக்கெட்டையும் எனக்கு நானே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்தேன். இருந்தும் விமானம் தவறியது, கட்டுரை வாசிப்பும் போனது.

மாநாட்டுக்குப் போன மற்றவர்களும் எழுதுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்

தங்கச்சி, எங்க ஊரில் இப்படி நடந்தது வருத்தமாக இருக்கிறது. நான் கிராப் செயலியில் வாடகைக் காடி (கார்) ஓட்டுகிறேன், தினமும் அந்தச் சடக்கில்தான் (சாலையில்தான்) போய்வருகிறேன்.

இங்கேயும் உங்கள் ஊர் மாதிரி வண்டி இடப்பக்கம்தான் ஓடும். இடது நடைபாதையில் போனால் வண்டி உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும், உங்கள் வலது தோள் சடக்குப் பக்கம் இருக்கும். அந்தத் தோளில் பையை மாட்டினால் எடுத்துக்கோ என்று நீட்டின மாதிரி. வண்டி எதிரே வருகிற பக்கத்தில் நடங்கள், பையைச் சுவர்ப் பக்கம் போடுங்கள். குறுக்காக மாட்டினால் பத்திரம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குறுக்கு வாரைப் பிடித்து இழுத்தால் பையோடு ஆளும் போகும். அப்படி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தவர்கள் இங்கே உண்டு. பூக்கார அம்மா சொன்னதுதான் சரி.

இன்னொன்று, அந்தக் கழுத்து அட்டை. கே.எல்.சி.சி.யில் பயணி ஏற்றும்போது பார்ப்பேன், பேர், கல்லூரி, நாடு எல்லாம் நெஞ்சில் தொங்கும். முன்னே பின்னே தெரியாதவன்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அரங்கைவிட்டு வெளியே வந்ததும் கழற்றிப் பையில் போடுங்கள்.

காடி வந்தால் நம்பரைச் செயலியோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏறுங்கள். எங்களுக்கு அதில் கோபமே இல்லை. சுற்றுப்பயணிகள் கூடுகிற இடத்தில் நிற்கும் டாக்சிக்காரர்கள் சிலர் மீட்டர் போடமாட்டார்கள், எட்டு வெள்ளி (ரிங்கிட்) தூரத்துக்கு முப்பது வெள்ளி கேட்பார்கள். விமான நிலையத்தில் "டாக்சி, டாக்சி" என்று பின்னாலேயே வருபவர்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள். முதல் முனையத்திலிருந்து விரைவு ரயில் 28 நிமிடத்தில் சென்ட்ரலில் விட்டுவிடும்.

மதுரை ஆய்வு மாணவி

எனக்கு நடந்தது விமானம் ஏறும் முன்பே. கட்டுரை ஏற்கப்பட்ட பட்டியல் இணையத்தில் வந்த பத்தாம் நாள் ஒரு மின்னஞ்சல். மாநாட்டின் தங்குமிடக் குழு என்று போட்டு, என் பெயர், கட்டுரைத் தலைப்பு, தேதி எல்லாம் சரியாக இருந்தது. அறைகள் தீர்கின்றன, இன்றே கார்டு எண் கொடுத்து உறுதி செய்யுங்கள் என்றார்கள். பாதி நிரப்பியும் விட்டேன். எங்கள் ஆய்வு வழிகாட்டி எதேச்சையாகப் பார்த்துவிட்டு, மாநாட்டுத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீயே ஒரு போன் போடு என்றார். போட்டேன். அப்படி ஒரு குழுவே இல்லையாம். பேச்சாளர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

வருகை அட்டையும் அப்படித்தான். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும், பைசா கிடையாது. தேடினால் முதலில் கண்ணில் படுவது பணம் கேட்கிற தளம். என்னோடு வந்த ஒருவர் கட்டியே விட்டார்.

தஞ்சாவூர்க்காரர்

பறிப்பையெல்லாம் விடுங்கள், நான் ஏமாந்தது தமிழில். கே.எல். சென்ட்ரல் வாசலில் ஒருவர், "அண்ணே, தமிழா?" என்றார். நாலு நாளாக ஆங்கிலம் கேட்டுக் காது புளித்திருந்தது, குளிர்ந்துபோனேன். பர்ஸ் தொலைந்துவிட்டது, ஈப்போவில் அம்மா ஆஸ்பத்திரியில், ரயிலுக்கு ஐம்பது வெள்ளி என்றார். கொடுத்தேன். மறுநாள் அதே வாசல், அதே ஆள், அதே அம்மா. என்னை மறந்துவிட்டு மறுபடி "அண்ணே, தமிழா?" என்றார். "இல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

ஈப்போக்காரி

எங்கள் ஊர் அம்மாக்களை இப்படி ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கிறார்களே! ஆனால் ஒன்று, நான் பினாங்கில் வழி தெரியாமல் நின்றபோது வேலையை விட்டுவிட்டுப் பேருந்து நிலையம்வரை கூடவே வந்தவரும் "தமிழா?" என்று கேட்டவர்தான். வழி கேளுங்கள், பசியாறக் கடை கேளுங்கள். பேச்சு பணத்துக்கு வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

சீருடை இல்லாமல் போலீஸ் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கேட்டால் முதலில் அவருடைய அதிகார அட்டையைக் கேளுங்கள். நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழ். சிவப்பு அட்டை பணியிடை நீக்கத்தில் இருப்பவருடையது. சந்தேகமாக இருந்தால், பக்கத்து நிலையத்துக்கே வருகிறேன் என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு 999.

சென்னைப் பொறியாளர்

பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு சுற்றலாம் என்று பலரும் சொல்வார்கள். மலேசியாவில் வெளிநாட்டுக்காரரிடம் அசலையே கேட்கலாம் என்பதால் நான் அப்படிச் செய்வதில்லை. சட்டைக்குள் இடுப்பில் கட்டுகிற துணிப்பையில் வைத்துக்கொள்வேன். வியர்வையில் அட்டை கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான்.

நடைபாதையையும் பார்த்து நடங்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, நம் நாட்டிலிருந்து சுற்றுலா போன பெண் ஒருவர் குழிக்குள் போய்விட்டார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதை முன்கூட்டியே யாராலும் பார்த்திருக்க முடியாது. ஆனால் அங்கே பிற்பகல் இடிமழை வந்தால் அரை மணியில் தெருவில் தண்ணீர் நிற்கும், கால் வைக்கிற இடம் கல்லா கால்வாயா தெரியாது. மாநாட்டு மையத்திலிருந்து புக்கிட் பிந்தாங் கடைத்தெருவுக்குப் போக மேலே குளிரூட்டிய நடைபாலம் இருக்கிறது. மழையும் படாது, மோட்டார் சைக்கிளும் வராது.

கோவை நூல்காரி

எல்லாருக்கும் நன்றி. சாலைப் பக்கத் தோளில் பையை மாட்டியதுதான் தப்பு என்பது அண்ணன் சொன்ன பிறகுதான் புரிந்தது. வருகிற மாநாட்டுக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். தங்குவது அதே பிரிக்பீல்ட்ஸ்தான், வீட்டில் திட்டினாலும்.

அண்ணனிடம் ஒரு உதவி. அந்தப் பூக்கார அம்மாவுக்கு ஒரு கோரா சேலை எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பேர்கூடக் கேட்கவில்லை. இன்னும் அங்கேதான் கடை போடுகிறாரா?

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்

நேற்றுச் சவாரி முடிந்து போய்ப் பார்த்தேன். இருக்கிறார். முட்டி ஆறிடுச்சான்னு கேட்டார்.