பழைய டெஸ்க்டாப்புக்கு விலை குறைந்த எஸ்எஸ்டி: போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள், முதலில் என்னுடையது

நெல்லை ஆசிரியர்

வீட்டில் இருப்பது 2013-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 3220, எச்61 போர்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு அதுதான் கணினி. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வருவாள். அப்போதும் குரோம் திறந்திருக்காது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 8 சதவீதம், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும்.

புதுக் கணினிக்கு வழியில்லை. சுற்றும் தட்டுக்குப் பதிலாகச் சில்லிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, அதில் 480 ஜிபி ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். டிராம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம்) இல்லாத, விலை குறைந்த சாட்டா மாடல், அதாவது பழைய ஹார்ட் டிஸ்க் செருகும் அதே போர்ட்டில் செருகுவது. அட்டையில் பெரிய எழுத்தில் விநாடிக்கு 540 எம்பி என்று இருந்தது. என் கணினியில் 270-ஐத் தாண்டவில்லை. எஸ்எஸ்டியில் குறையில்லை. எச்61 போர்டில் இருக்கும் சாட்டா போர்ட் எல்லாமே 3 ஜிகாபிட் ரகம், அதற்குமேல் அந்த வழியில் போகாது. வாங்கும் முன்பே இது தெரிந்திருந்ததால் நான் ஏமாறவில்லை. தெரியாமல் வாங்கியிருந்தால் பொருள் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆனால் அந்த 540, 270 இரண்டுமே நம் வீட்டுக் கணினிக்கு முக்கியமான எண் இல்லை. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவச மென்பொருளில் சோதித்தால் நான்கு வரி வரும். எல்லோரும் முதல் வரியைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். நீங்கள் கடைசி வரியைப் பாருங்கள். 4கே அளவுத் துண்டுகளை ஒவ்வொன்றாக, இடம் மாறி மாறிப் படிக்கும் சோதனை அது. என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த வரியில் 0.6 எம்பி. எஸ்எஸ்டியில் 24. விண்டோஸ் எழும்பும்போது நடப்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைப் படிப்புதான். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு, ஒரு சுற்று முடிக்கவே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். படிக்கும் முனை நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேர்ந்து, அதன் பிறகு ஒரு துண்டு. ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு இப்படி என்றால் மகள் பல் தேய்க்கப் போனதில் தவறே இல்லை.

போன் ஸ்டாப்வாட்சில் பிடித்தேன். முன்பு பவர் பட்டனிலிருந்து குரோம் திறக்கும் வரை 3 நிமிடம் 10 விநாடி. இப்போது 31 விநாடி.

ஒரு விஷயம் கவனியுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரை) சாட்டா மோட் ஐடிஇ என்ற பழைய முறையில் கிடந்தது. அதை ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டுத்தான் விண்டோஸ் போட வேண்டும். போட்ட பிறகு மாற்றினால் பெரும்பாலும் நீலத் திரைதான் வரும். நான் பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்காமல் (குளோன் என்பார்கள்) புதிதாகவே போட்டேன், பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிவர மனம் இல்லை.

அடுத்து எழுதும் வேகம். பழைய டிஸ்க்கிலிருந்து படம் ஏற்றிப் பார்த்து எஸ்எஸ்டி எப்படி என்று முடிவு செய்யாதீர்கள். பழையது 100 எம்பிக்கு மேல் கொடுக்காது, புதியதன் குணம் வெளியே வராது. தம்பி கல்யாண வீடியோ 60 ஜிபி இருந்தது. அதை எஸ்எஸ்டிக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டருக்குக் காப்பி போட்டுவிட்டுப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். 130 எம்பியில் கோடு நேராக ஓடியது. 35 ஜிபி தாண்டியதும் படிக்கட்டில் இறங்குவதுபோல் சரிந்து 45-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு இது பிரச்சினையே இல்லை, ஒரே மூச்சில் 35 ஜிபி எழுதும் வேலை எங்களுக்கு வருடத்தில் ஒருநாள் வந்தால் அதிகம். ஆனாலும் இறங்கும் இடம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

திருவாரூர் தம்பி

சார், நீங்க சொன்ன அந்தப் படிக்கட்டு எனக்கும் வந்துச்சு. காலேஜ்ல எங்க சார் சொல்லிக் கேட்டதை எங்க ஊர் பாஷையில சொல்றேன். அறுவடை அன்னைக்கு நெல்லு மூட்டை மூட்டையா வண்டியில வந்து இறங்கும். வர்ற வேகத்துக்குத் திண்ணையில கொட்டிடுவோம். அப்புறம் ராவுல உக்காந்து குதிருக்குள்ள அளந்து போடுவோம். எஸ்எஸ்டியும் அதேதான். செல்லுன்னா தகவலை மின்னூட்டமா வைக்கிற சின்ன அறை. ஒரு செல்லுல ஒரே ஒரு பிட் எழுதுறது சுலபம், வேகம். அதான் திண்ணை. டிஎல்சின்னா ஒரே செல்லுல 3 பிட், க்யூஎல்சின்னா 4 பிட் நெருக்கி வைக்கணும். மின்னழுத்தத்துல டிஎல்சிக்கு 8 படி, க்யூஎல்சிக்கு 16 படி பிரிச்சுப் பார்க்கணும், அதனால நிதானமாத்தான் எழுத முடியும். திண்ணை ரொம்பிட்டா வண்டி வாசல்லயே நிக்கும். டிஸ்க்கு ரொம்ப ரொம்பத் திண்ணையும் சுருங்கும், ஏன்னா காலியா இருக்குற செல்லைத்தான் திண்ணையா பயன்படுத்துது. அதுக்குத்தான் ஐந்தில் ஒரு பங்காவது காலியா விடச் சொல்றாங்க.

என் கதை கவர்ன்மெண்ட் லேப்டாப். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்தது, 2011-ல ஆரம்பிச்ச திட்டம்ல, அதுல. 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ராம், விண்டோஸோட பாஸ் லினக்ஸ்ங்கிற இலவச இயங்குதளமும் சேர்ந்து வந்துச்சு. அக்கா கல்யாணமாகிப் போனதும் அலமாரியில கெடந்தது. பேட்டரி செத்துடுச்சு, சார்ஜர் மாட்டினாதான் ஓடும். அதுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டியும் ஒரு பழைய 4 ஜிபி ராமும் போட்டு லினக்ஸ் மின்ட் ஏத்தினேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுசும் அதுலதான் அடிச்சேன்.

போடும்போது ஒண்ணு மாட்டுச்சு. பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், எஸ்எஸ்டி 7 மிமீ. ஸ்லாட்டுக்குள்ள லொடலொடன்னு ஆடுச்சு. சில கம்பெனி டப்பாவுக்குள்ளயே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பாங்க. எனக்கு அது வரலை. ஹால் டிக்கெட் அட்டையை 2.5 மிமீக்கு மடிச்சு அண்டை கொடுத்தேன், இன்னும் அசையாம இருக்கு. அப்புறம் 240-ன்னு வாங்கினா கணினி 223-ன்னு காட்டும், பயந்துடாதீங்க. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024 கணக்குல எண்ணுது, அவ்வளவுதான்.

கோவை ஆல்பம் டிசைனர்

எனக்கு ஆசிரியர் சொன்னதுக்கு நேர் எதிரான நிலைமை. நான் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். ஒரு கல்யாணம் என்றால் போட்டோகிராபர் 120 ஜிபி கொண்டுவந்து கொடுப்பார். போன வருடம் 1 டிபி எஸ்எஸ்டி நல்ல விலைக்கு வருகிறது என்று யோசிக்காமல் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அட்டையில் க்யூஎல்சி என்ற எழுத்தே இல்லை. முதல் வாரம் பறந்தது. பாதி நிரம்பிய பிறகு ஒரு கல்யாணத்தை ஏற்ற 40 நிமிடம் ஆகிறது. போட்டோகிராபர் தம்பி டீ குடித்து முடித்து, இரண்டாவது டீயும் குடித்துவிட்டுக் கார்டுக்காகக் காத்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

இதை மறைக்காமல் எழுதும் கம்பெனியும் உண்டு. சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி மாடலின் விவரத் தாளைப் பாருங்கள். 42 ஜிபி வரை விநாடிக்கு 530 எம்பி, அதன் பிறகு 80 எம்பி என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். 80 என்பது நல்ல ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு! ஆனால் சொல்லிவிட்டார்கள், வாங்குகிறவர் தெரிந்து வாங்கலாம். சொல்லாமல் விற்பதுதான் எனக்குக் கோபம்.

இப்போது என் கணினியில் எம்.2 இடம் (போர்டிலேயே எஸ்எஸ்டியைச் செருகும் சிறு இடம்) இருந்ததால், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகையில் டிஎல்சி எஸ்எஸ்டி ஒன்று போட்டுவிட்டேன். என்விஎம்இயில் டிராம் இல்லாவிட்டாலும் கணினியின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது, சாட்டாவில் அது கிடையாது. விலை வித்தியாசமும் பெரிதில்லை. ஆனால் ஒன்று. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். போர்டு எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஆசிரியர் சார், உங்கள் எச்61-க்கு இந்தப் பேச்சே தேவையில்லை, நீங்கள் வாங்கியதுதான் சரி.

மதுரை சர்வீஸ்

14 வருஷமா கணினி பழுது பார்க்கிறேன். வேகத்தைப் பற்றி எல்லாரும் எழுதிட்டீங்க, நான் சாவைப் பற்றி எழுதுறேன்.

ஹார்ட் டிஸ்க் போறதுக்கு முன்னாடி பெரும்பாலும் சொல்லிட்டுப் போகும். டக் டக்னு சத்தம் வரும், திணறும், நமக்கு ரெண்டு நாள் கிடைக்கும். எஸ்எஸ்டி சொல்லாது. ராத்திரி நல்லா ஓடும், காலையில பயாஸ்ல பேரே வராது. இல்லைன்னா மாடல் பேருக்குப் பதிலா வேற ஏதோ எழுத்து வரும், கொள்ளளவு தப்பா காட்டும். எந்த எந்தத் தகவல் எங்கே இருக்குங்கிற வரைபடம் கெட்டுப்போச்சுன்னா சில்லு நல்லா இருந்தும் பிரயோஜனமில்லை. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போறது இதுக்கு ஒரு காரணம். சர்வர்ல போடுற எஸ்எஸ்டியில அந்த நேரத்துக்குத் தாங்குற மாதிரி மின்தேக்கிகளை வைப்பாங்க. நம்ம விலைக்கு அது வராது. அதனால டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்குறவங்க யுபிஎஸ் பேட்டரியையும் ஒருதரம் பாருங்க. கரண்ட் போனா ரெண்டு நிமிஷம் நிக்குதான்னு சோதிச்சுப் பாருங்க.

போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. பேரனோட படம் எல்லாத்தையும் தெரியாம அழிச்சுட்டாங்க, ரீசைக்கிள் பின்னும் காலி. பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ஓரளவு எடுத்துக் கொடுத்திருப்பேன். எஸ்எஸ்டியில ட்ரிம்னு ஒண்ணு இருக்கு. அழிச்ச இடம் இன்ன இன்னன்னு விண்டோஸ் உடனே சொல்லிடும், அதுவும் சும்மா இருக்குற நேரத்துல அந்த இடத்தைச் சுத்தமா துடைச்சுடும். வேகம் குறையாம இருக்க அது வேணும். ஆனா அந்த அம்மாகிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

போலியும் நிறைய வருது. 2 டிபி எஸ்எஸ்டின்னு ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைன்ல வாங்கிட்டு வந்தார் ஒருத்தர். மூடியைத் திறந்தா உள்ள பென் டிரைவ் போர்டு, அதுல ஒரு மெமரி கார்டு. எடையை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதுங்க, நல்ல கம்பெனி எஸ்எஸ்டியிலயும் இப்பல்லாம் டப்பாவுல கால்வாசிக்குத்தான் போர்டு இருக்கு. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன மென்பொருள் இருக்கு. டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படிச்சு, எழுதினது இருக்கான்னு ஒப்பிடும். காலி டிஸ்க்ல, எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி ஓட்டிடுங்க. நேரம் ஆகும், ஆகட்டும்.

ஆயுசைப் பற்றி மட்டும் ரொம்பக் கவலைப்படாதீங்க. 480 ஜிபியில கிங்ஸ்டன் ஏ400-க்கு 160 டிபி, க்ரூஷியல் பிஎக்ஸ்500-க்கு 120 டிபி எழுதலாம்னு கம்பெனி கணக்கு, ரெண்டுக்கும் 3 வருஷ வாரண்டி. வீட்டுல ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 120 டிபிக்கு 6000 நாள், 16 வருஷம். என் கடைக்கு வந்ததுல எழுதித் தேஞ்சு செத்ததை நான் பார்த்ததே இல்லை. பில்லைப் பத்திரமா வைங்க, வெயில்ல எழுத்து மங்குற காகிதம்னா போட்டோ எடுத்து வைங்க.

இன்னொண்ணு. படத்தை எல்லாம் எஸ்எஸ்டியில போட்டுக் கழட்டி பீரோவுல வருஷக்கணக்கா வைக்காதீங்க. கரண்ட் இல்லாம சும்மா கிடந்தா அதுல இருக்குற மின்னூட்டம் கசியும். தேஞ்சதா இருந்தா இன்னும் சீக்கிரம்.

நெல்லை ஆசிரியர்

மதுரை அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்த அன்றே யுபிஎஸ்ஸைச் சோதித்தேன். சுவர் ஸ்விட்சை அணைத்த நான்கே விநாடியில் கணினி அணைந்துவிட்டது. பேட்டரி மாற்றியாயிற்று. இப்போது ஐந்து நிமிடம் நிற்கிறது, மகள் வேலையைச் சேமித்துவிட்டு நிதானமாக அணைக்க அது போதும்.

ட்ரிம் பற்றிச் சொன்னதும் எனக்குப் பகீர் என்றது. அம்மா இருக்கும்போது போனில் பதிந்த பேச்சு, தாலாட்டு, எல்லாம் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்து எஸ்எஸ்டியில் ஒரே ஒரு பிரதியாக வைத்திருந்தேன். பழையதை ஃபார்மட் செய்து மகளுக்குப் படம் பார்க்கக் கொடுப்பதாக இருந்தேன். கொடுக்கவில்லை. 15 கோப்பு கொண்ட அந்த ஃபோல்டரைத் திரும்ப அதில் ஏற்றி, ஒவ்வொன்றாக ஓட்டிக் கேட்டுவிட்டு, தங்கை வீட்டு லேப்டாப்பிலும் ஒரு பிரதி வைத்துவிட்டேன்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, என் ஐ3-ஐ விண்டோஸ் 11 ஏற்காது. பொதுத்தேர்வு முடிந்ததும் திருவாரூர் தம்பி சொன்ன மின்ட் போடப் போகிறேன். தம்பி, தமிழ் தட்டச்சுக்கு நீங்கள் அதில் என்ன அமைத்தீர்கள்? மகள் தமிழ்99-ல்தான் அடிப்பாள்.