சுவர் அடி: "போன கோணத்துலயே பந்து திரும்பும்"னு சொல்றவங்களுக்கு

புளியரை_புயல்:
கால்ஃப் வித் யுவர் ஃப்ரெண்ட்ஸ்ங்கிற கம்ப்யூட்டர் மினி கால்ஃப் கேம்ல நாம ஆடுன ஓணம் லீவு மேட்ச் முடிஞ்சதுல இருந்து, புதுசா வந்த பிள்ளைகளுக்கு இங்க ஒரு அண்ணாச்சி பாடம் நடத்திக்கிட்டு இருக்காரு. அவரு எழுதுனது இது: "மினி கால்ஃப் கேம்ல ஜெயிக்க ஒண்ணு தெரிஞ்சா போதும். சுவத்துல எந்தக் கோணத்துல போகுதோ அதே கோணத்துல பந்து திரும்பும். கேரம் ஆடத் தெரிஞ்சவனுக்கு வேற பாடமே வேண்டாம்."

இதைப் படிச்ச எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கலை. இதை நம்பித்தான் பிள்ளைக காற்றாலைக் குழியில போய் முட்டிக்கிட்டு நிக்குதுக. போன கோணத்துல பந்து திரும்பாது. சுவத்தைப் பாத்து நேரா வர்ற வேகம் மோதும்போது குறையும். சுவரை ஒட்டி ஓடுற வேகம் குறையாது. சுவரோட துள்ளல், அதாவது மோதுன பிறகு மிஞ்சுற நேர் வேகத்தோட பங்கு, 0.7னு கேம்ல வச்சிருந்தா, 45 டிகிரியில போன பந்து 55 டிகிரியில வெளிய வரும். பத்து டிகிரி வித்தியாசம். பந்து குழியைத் தாண்டிப் போயிரும். அதனால கண்ணுக்குச் சரின்னு படுற இடத்துல அடிக்காம, நம்ம பக்கமா கொஞ்சம் முன்னாடியே சுவத்துல படுற மாதிரி அடிக்கணும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தப்பாச் சொல்லிக் குடுக்காதீங்க.

களியக்காவிளை_கேரம்:
அந்த அண்ணாச்சி நான்தான். ஆளு பேரச் சொல்லி எழுத நெஞ்சுல தெம்பு இல்லாம "ஒரு அண்ணாச்சி"யாம். எடே மக்கா, நீ கம்ப்யூட்டர் தொடுறதுக்கு முன்னாடி நான் மார்த்தாண்டத்துல கேரம் போர்டுல கப்பு வாங்குனவன். போர்டோட நாலு பக்கமும் எனக்கு உள்ளங்கை. போன கோணம்தான் திரும்புற கோணம். எட்டாங்கிளாஸ் புத்தகத்துலயே கெடக்கு, போய்ப் படி.

கொழிஞ்சாம்பாறை_குமார்:
ஏனுங்க ரெண்டு பேரும், கோணம்னு எதுல இருந்து அளக்கறீங்க? சுவத்துல இருந்துங்களா, சுவத்துக்குக் குறுக்கா போடுற கோட்டுல இருந்துங்களா? அதை முதல்ல சொல்லிட்டா பாதிச் சண்டை முடிஞ்சிருமுங்க.

புளியரை_புயல்:
குமாரு, நான் அளக்கிறது சுவத்துக்குக் குறுக்கா போடுற கோட்டுல இருந்து. அண்ணாச்சி, எட்டாங்கிளாஸ் புத்தகத்துல இருக்கிறது வெளிச்சத்துக்கும் கண்ணாடிக்கும். பந்துக்கு இல்ல. இன்னொண்ணு, கேரம் காய் சறுக்கும். போரிக் பவுடர் போட்டு வழுவழுன்னு வச்சிருக்கிற பலகையில தட்டையா சறுக்கிக்கிட்டுப் போகும். கால்ஃப் பந்து உருளும். உருண்டு வந்து சுவத்துல மோதுனதும் திசைதான் திரும்பும், பழைய உருளல் உடனே நிக்காது. அந்த மிச்ச உருளல் பந்தைத் திரும்பவும் சுவத்துப் பக்கமே இழுக்கும். அதனால இன்னும் கொஞ்சம் நீளமா வளைஞ்சு போகும். கேரம்ல கப்பு வாங்குனது உண்மையாவே இருக்கட்டும். இங்க அதுக்கு வேலை இல்ல.

களியக்காவிளை_கேரம்:
"உண்மையாவே இருக்கட்டும்"னா என்ன அர்த்தம்? நான் பொய் சொல்லுகேன்னு சொல்ல வாறியா? கப்பு வீட்டுல அலமாரியில இருக்கு.

சரி, உன் கணக்குக்கே வாறேன். சுவரை ஒட்டி ஓடுற வேகம் குறையாதாம். ஏன் குறையாது? சுவத்துல உரசல் இல்லியா? உரசுனா அந்த வேகமும் குறையும். நேர் வேகமும் குறையுது, ஒட்டி ஓடுற வேகமும் குறையுது. ரெண்டும் ஒண்ணா குறைஞ்சா கோணம் அதே கோணம்தான். இது தெரியாமலா பாடம் நடத்த வந்த?

அரளி_மணி:
அண்ணன் போட்டாரு பாருங்க ஒரு போடு. புயல் கரையைக் கடந்துட்டுது.

புளியரை_புயல்:
கரையைக் கடக்கலை, இருங்க. இதுக்குப் பதில் சொல்லாம இன்னைக்குத் தூங்கப் போறதில்ல.

உரசல் உண்டு, ஒத்துக்கிடுதேன்னு நினைக்காதீங்க, நான் அதை இல்லைன்னு சொல்லவே இல்ல. ஆனா உரசல்ல போற வேகம், பந்து சுவத்தை எவ்வளவு அழுத்தி மோதுதுங்கிறதைப் பொறுத்தது. துள்ளல் 0.7, உரசல் 0.18க்குப் பக்கத்துல வச்சுப் போட்டுப் பாருங்க. 45 டிகிரியில அண்ணாச்சி சொல்றபடி சமமா வரும். 45ல மட்டும்! அதே சுவத்துல 60 டிகிரியில போனா 64ல வெளிய வரும். நாலு டிகிரிதானன்னு சிரிக்காதீங்க. மூணு மீட்டர் ஓடுனா 20 சென்டிமீட்டர் விலகிரும். குழியோட அகலமே 10.8 சென்டிமீட்டர்தான். அப்ப பந்து எங்க போகும்?

களியக்காவிளை_கேரம்:
பாத்தியளா, 45ல சமமா வருமுன்னு அவனே சொல்லிட்டான். நான் சொன்னதும் அதுதான். எல்லாரும் வாசிச்சுக்கிடுங்க.

புளியரை_புயல்:
"மட்டும்"ங்கிற வார்த்தையை ஏன் விட்டுட்டீங்க?

களியக்காவிளை_கேரம்:
சமமா வருமுன்னு சொன்னியா இல்லியா?

கம்பம்_கலையரசி:
ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு சொல்றேன். போன மேட்ச்ல ஜெயிச்சது நீங்க ரெண்டு பேரும் இல்ல, நான். நான் சுவத்துப் பக்கமே போறதில்ல. ரெண்டு அடியில முடியிற குழியை ஒரே அடியில முடிக்கணும்னு அடம்பிடிச்சுத்தான் எல்லாரும் ஆறு ஏழுன்னு வாங்குறீங்க.

குழி கிட்ட வரும்போது வேகம் எவ்வளவுங்கிறதைத்தான் பாக்கணும். நிஜ கால்ஃப் பந்து 42.67 மில்லிமீட்டர் அகலம், குழி 108 மில்லிமீட்டர். எதிர் விளிம்புல போய் மோதுறதுக்குள்ள பந்து பாதி உசரமாவது கீழ இறங்கணும். 21 மில்லிமீட்டர் இறங்க 0.066 நொடி ஆகும். அதுக்குள்ள 87 மில்லிமீட்டர்தான் போகலாம். கணக்குப் போட்டா நொடிக்கு 1.3 மீட்டர் வேகம். அதுக்கு மேல போனா நடுவாப் போனாலும் எதிர் விளிம்புல முட்டும், குழியைத் தாண்டியும் ஓடிரலாம். கேம்லயும் இதே கதைதான், எண்ணு மட்டும் மாறும். மொதல் அடியில குழிக்கு நேரா, மேடு பள்ளம் இல்லாத பக்கமா பந்தைக் கொண்டு போய் வைங்க. ரெண்டாவது அடியில மெதுவா உள்ள தள்ளுங்க. கேமராவை மேல தூக்கி ஒரு தடவை முழுப் பாதையையும் பாத்துட்டு அடிங்க. இதைச் சொல்லிக் குடுத்தா பிள்ளைக ஆடும்.

அரளி_மணி:
அக்கா, 1.3 மீட்டர்னு கேம்ல எங்க காட்டும்? பவர் பட்டைதானே இருக்கு.

கம்பம்_கலையரசி:
பட்டையைத்தான் கண்ணுல பழகிக்கணும். தம்பி, குழியில விழலைன்னா அதைத் தாண்டி ஒரு சாண் தூரத்துல பந்து நிக்கிற மாதிரி அடிச்சுப் பழகு. அதான் சரியான வேகம்.

களியக்காவிளை_கேரம்:
அம்மா தாயே, சுவரே வேண்டாமுன்னா அது மினி கால்ஃபே இல்ல. 1954ல சுவிட்சர்லாந்துல, அஸ்கோனாவுல, பால் போங்னிங்கிறவரு ஒரே அளவுல பாதை போட்டு ஆரம்பிச்ச காலத்துல இருந்து ஓரத்துச் சுவத்துல தட்டி விடுறதுதான் இந்த ஆட்டத்துக்கே அழகு. சுவரத் தொடாம ஆடி ஜெயிச்சேன்னு பெருமை பேசுறது என்ன வீரம்?

கம்பம்_கலையரசி:
ஸ்கோர் அட்டையில வீரத்துக்குன்னு தனியா கட்டம் இல்லீங்கண்ணே.

புளியரை_புயல்:
கலையரசி அக்கா சொல்றது பாதி சரி. ஆனா காற்றாலைக் குழிக்கு நேர் வழி கிடையாது. இறக்கை மறைக்கும். அங்க சுவர் அடிதான். அங்கதான் கோணம் தெரியணும். நான் ஆரம்பத்துல இருந்து சொல்றது அதுதான்.

அரளி_மணி:
அந்தக் குழியில கோணம் இல்ல அண்ணே, நேரம்தான். நாலு இறக்கை, 4 நொடிக்கு ஒரு சுத்துன்னா நொடிக்கு ஒருக்கா வழி திறக்கும். பந்து போய்ச் சேர அரை நொடி ஆகும்னா, இறக்கை வழியை மூடும்போது அடிச்சா, போய்ச் சேரும்போது திறந்திருக்கும். காத்தாடியப் பத்தி எங்க ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரணுமா? ஆரல்வாய்மொழி முப்பந்தல்ல பிறந்து வளந்தவன். கண்ணைத் திறந்தா காத்தாடிதான்.

கொழிஞ்சாம்பாறை_குமார்:
முப்பந்தல்ல இருக்கிறது மூணு இறக்கைங்க. கேம்ல நாலு. ரெண்டும் ஒண்ணாயிருங்களா? எங்க பக்கம் கஞ்சிக்கோட்டுலயும் காத்தாடி நிக்குதுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற எங்கயும் கிடையாது.

அரளி_மணி:
கஞ்சிக்கோட்டுல இருக்கிறதெல்லாம் ஒரு காத்தாடியா? முப்பந்தலுக்கு வந்து எண்ணிப் பாத்துட்டுப் பேசுங்க.

கம்பம்_கலையரசி:
ராமக்கல்மேட்டுக் காத்துல நின்னு பாத்துருக்கீங்களா ரெண்டு பேரும்? நின்னா ஆளையே தள்ளும். பேச வந்துட்டாங்க.

களியக்காவிளை_கேரம்:
குமாருக்கு இங்க என்ன வேலைன்னே தெரியல. அவரு கேரளாக்காரரு. ஓணத்துக்குப் பூக்கோலம் போடாம இங்க வந்து கோணம் அளக்க நிக்காரு.

கொழிஞ்சாம்பாறை_குமார்:
வார்த்தையை அளந்து பேசுங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து வீட்டுல தமிழ்தானுங்க. நாங்க தமிழ் மீடியத்துல படிச்சவங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் உங்க களியக்காவிளை எந்த ராஜ்ஜியத்துல இருந்துச்சுன்னு யோசிச்சுட்டு அப்புறம் என்னைக் கேரளாக்காரன்னு சொல்லுங்க.

அரளி_மணி:
அப்படிப் பாத்தா செங்கோட்டையும் அன்னைக்குத் திருவிதாங்கூர்-கொச்சிதான். புயலண்ணன் ஊரும் உண்டு.

புளியரை_புயல்:
ஊரு எந்த ராஜ்ஜியத்துல இருந்தா என்ன, பந்து 60ல போனா 64லதான் வரும். பேச்சை மாத்தாதீங்க. அண்ணாச்சி இன்னும் 60 டிகிரிக்குப் பதில் சொல்லலை.

மெதுவாப் போற பந்துக்கு இன்னொரு விஷயமும் இருக்கு, அதையும் எழுதிட்டுப் போறேன். கால்ஃப் வித் யுவர் ஃப்ரெண்ட்ஸ் யூனிட்டிங்கிற கேம் செய்யுற மென்பொருள்ல செஞ்சது. யூனிட்டியில துள்ளலுக்கு ஒரு எல்லை உண்டு. யாரும் மாத்தாம விட்டா அது 2. மோதுற வேகம் அதுக்குக் கீழ இருந்தா பந்து துள்ளவே துள்ளாது. சுவத்துல ஒட்டிக்கிட்டு ஓரமா உருண்டு போகும். கேம் செஞ்சவங்க அந்த எண்ணை மாத்தாம விட்டிருந்தா, மெதுவா சுவத்துல தட்டி குழியில விழ வைக்கிறேன்னு கிளம்புறவங்களுக்கு எந்தக் கோணமும் கிடைக்காது. கேரம் பலகை இதைச் சொல்லித் தராது அண்ணாச்சி. ஆடும்போது ஓரத்துல பந்து உசுரில்லாம ஒட்டிக்கிட்டுப் போறதைப் பாத்திருப்பீங்களே, அது எதனாலன்னு நினைச்சீங்க?

களியக்காவிளை_கேரம்:
அது நெட்டு. எங்க பக்கம் மழை பெஞ்சா டவர் ரெண்டு மாநிலத்துக்கும் மாறி மாறித் தாவும். பந்து ஒட்டுறது, தாவுறது எல்லாம் நெட்டாலதான். யூனிட்டியாம், எல்லையாம்.

புளியரை_புயல்:
நெட் போனா பந்து தாவும், ஓரமா உருளாது. தனியா, நெட்டை அணைச்சுட்டு ஆடிப் பாருங்க. அப்பவும் உருளும்.

களியக்காவிளை_கேரம்:
நெட்டப் பத்திப் பேச்சு வந்ததால கேக்கேன். ஓணம் மேட்ச்ல ரூம் போட்டது யாரு? நீ. பந்து பந்தை முட்டலாமுன்னு வச்சது யாரு? நீ. அந்த கேம்ல அதை ஆஃப் பண்ணலாம், ரூம் போடுறவன் கையிலதான் இருக்கு. 12 பேர் ஆடக்கூடிய ரூம்ல மோதலை ஆன் பண்ணி வச்சுட்டு, குழிக்குப் பக்கத்துல நின்ன என் பந்தை உன் பந்து வந்து தள்ளி விட்டுது. அந்த ஒரு தள்ளல்லதான் நான் பின்னாடி போனேன். அன்னைக்குல இருந்து மனசுல வச்சிருக்கேன். இப்ப வந்து எனக்குக் கோணம் சொல்லித் தாறானாம்.

புளியரை_புயல்:
ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மோதல் ஆன்னு குரூப்ல எழுதிட்டுத்தான் போட்டேன். நீங்க தம்ஸ் அப் போட்டீங்க. என் பந்து சுவத்துல பட்டுத்தான் உங்க பந்துகிட்ட வந்துச்சு. போன கோணத்துலயே திரும்பியிருந்தா உங்க பந்தைத் தொட்டிருக்காது. நீளமா வந்ததாலதான் பட்டுச்சு.

கம்பம்_கலையரசி:
அந்த மேட்ச்ல அண்ணன் அதுக்கு முந்தின குழியிலயே ஸ்கோர்ல நாலு அடி பின்னாடி இருந்தாரு. தள்ளுனதால தோக்கலை.

களியக்காவிளை_கேரம்:
நாலு இல்ல, மூணு. தெரியாம பேசாதிய.

கம்பம்_கலையரசி:
நாலு. படம் எடுத்து வச்சிருக்கேன். போடவா?

களியக்காவிளை_கேரம்:
படத்தையும் மாத்தலாம் இப்ப. அதை விடுங்க. புயலு, 45ல சமம்னு நீயே எழுதியிருக்க, அது அழியாது.

புளியரை_புயல்:
60 டிகிரியில ஒரே ஒரு அடி, வீடியோ எடுத்துப் போடுங்க. திரையில கோடு போட்டு நானே அளந்து காட்டுறேன். சமமா வந்தா அப்புறம் பேசலாம்.

களியக்காவிளை_கேரம்:
போடுகேன். ஆனா ரூம் நான்தான் போடுவேன், மோதல் ஆஃப்.

புளியரை_புயல்:
ரூம் நீங்க போட்டா நான் வரலை. கலையரசி அக்கா போடட்டும்.

களியக்காவிளை_கேரம்:
அவங்க போட்டா நான் வரல. நாலு அடின்னு பொய் சொன்னவங்க ரூம்ல எனக்கென்ன வேலை.